தெருமுனைத் தீயணைப்பு நிலையமும் தலைக்கட்டு வரியும்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை. மலருக்காக எழுத்து வடிவில் தரப்படுகிறது.)



பேசுவதற்கு ஒரு தலைப்பு கொடுங்கள் என்று செயலாளர் போனில் கேட்டார். அமெரிக்காவிலிருந்து வருகிறவன், கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசுவான் என்று எதிர்பார்த்திருப்பார். "எங்கள் பகுதி ஃபயர் ஸ்டேஷனைப் பற்றிப் பேசுகிறேன்" என்றேன். கொஞ்ச நேரம் மறுமுனையில் சத்தமே இல்லை. பிறகு, "சரி சார், பத்து நிமிஷத்துக்குள்ள முடிச்சிடுவீங்கல்ல?" என்றார். முயற்சி செய்கிறேன்.

என் வகுப்புத் தோழர்களுக்கு ஒரு சம்பவம் நினைவிருக்கலாம். நாங்கள் இரண்டாம் ஆண்டு படித்தபோது ஒரு கோடைக்கால மத்தியானம், விடுதிக்குப் பின்னால் இருந்த தெருவில் வைக்கோல் போர் தீப்பிடித்தது. காற்று வாக்கில் பக்கத்துக் கூரைகளுக்கும் பரவியது. பனியனும் லுங்கியுமாக ஓடினோம். விடுதித் தொட்டியிலிருந்து வரிசையாக நின்று வாளி கைமாற்றினோம். தீயணைப்பு வண்டி டவுனிலிருந்து வரவேண்டும். நடுவில் ரயில்வே கேட். வண்டி வந்து சேர்ந்தபோது ஏழு வீடுகள் கரிக்கட்டையாகிவிட்டிருந்தன. வந்தவர்கள் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. இறங்கின வேகத்தில் வேலை பார்த்தார்கள். அன்று ராத்திரி மெஸ்ஸில் ஒருவன் கேட்டான்: "அந்த வண்டி ஏன்டா டவுன்ல நிக்குது? இங்க ஒண்ணு நின்னா என்ன? இதையெல்லாம் யார்டா முடிவு பண்றது?" எங்களில் யாருக்கும் பதில் தெரியவில்லை. "கவர்மென்ட்" என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போய்விட்டோம்.

அந்தக் கேள்விக்கு ஒரு பதிலை நான் வெகுதூரத்தில், வெகுநாள் கழித்து, கொஞ்சம் வெட்கப்பட்டுக் கற்றுக்கொண்டேன். அதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

நான் 1998 முதல் அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கிறேன். தலைநகர் வாஷிங்டன் வேறு, இது வேறு. சியாட்டில் நகருக்குக் கிழக்கே, எந்த நகராட்சிக்கும் உட்படாத ஒரு பகுதியில் எங்கள் வீடு. அங்கே தீயணைப்பு வேலையைச் செய்வது மாநில அரசும் இல்லை, நகராட்சியும் இல்லை. 'ஃபயர் டிஸ்ட்ரிக்ட்' என்று ஓர் அமைப்பு. தமிழில் சொன்னால் தீயணைப்பு மாவட்டம். மாவட்டம் என்றதும் கலெக்டர், தாசில்தார் என்று நினைத்துவிடக் கூடாது. தீயணைப்புக்கும் அவசர மருத்துவ உதவிக்கும் மட்டுமே ஏற்பட்ட ஒரு தனிப் பஞ்சாயத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கென்று எல்லை உண்டு, தேர்தல் உண்டு, வரி போடும் அதிகாரமும் உண்டு.

அது எப்படி உருவாகும்? எங்கள் மாநிலச் சட்டப்படி, அந்தப் பகுதி வாக்காளர்களில் குறைந்தது 10 சதவீதம் பேர் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுக்க வேண்டும். பிறகு தேர்தல். 100க்கு 60 பேர் 'சரி' என்று சொன்னால்தான் மாவட்டம் பிறக்கும். அதை நடத்த மூன்று அல்லது ஐந்து கமிஷனர்களை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். பதவிக்காலம் 6 ஆண்டுகள். கமிஷனர் என்றால் ஜீப்பில் வருகிறவர் இல்லை. எங்கள் பகுதியில் ஒருவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், இன்னொருவர் குழாய் வேலை செய்கிறவர். கூட்டத்துக்கு வந்தால் ஒரு சிறு படி கிடைக்கும், அவ்வளவுதான்.

இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் ஒரு நெடிய அனுபவம் இருக்கிறது. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1736இல் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு தீயணைப்புச் சங்கம் தொடங்கினார். உறுப்பினர் ஒவ்வொருவரும் தோல் வாளிகள் வைத்திருக்க வேண்டும், தீ என்றால் ஓடி வரவேண்டும். நம் விடுதி மாணவர்கள் செய்ததுபோலத்தான். ஊர் பெரிதானால் வாளி போதாது என்பதைச் சியாட்டில் 1889இல் கற்றுக்கொண்டது. அந்த ஆண்டு ஜூன் 6ஆம் தேதி ஒரு தச்சுப் பட்டறையில் பசை காய்ச்சிய சட்டி பொங்கித் தீப்பிடித்தது. நகரத்தின் வியாபாரப் பகுதியில் 25 வட்டாரங்களுக்கு மேல் எரிந்து போயின. தீயணைக்க வந்தவர்கள் தன்னார்வலர்கள். தண்ணீர் விநியோகம் ஒரு தனியார் கம்பெனி கையில் இருந்தது. நாலாபக்கமும் குழாயைத் திறந்ததும் தண்ணீரின் வேகம் செத்துவிட்டது. அதே கோடையில் எல்லென்ஸ்பர்க், ஸ்போகேன் என்ற இரண்டு ஊர்களும் எரிந்தன. அந்த ஆண்டு முடிவதற்குள் சியாட்டில் மக்கள் தண்ணீர் விநியோகத்தை நகரமே நடத்த வேண்டும் என்று ஓட்டுப் போட்டுவிட்டார்கள். சம்பளம் வாங்கும் தீயணைப்புப் படையும் ஏற்பட்டது.

நகரம் அப்படித் தன்னைப் பார்த்துக்கொண்டது. நகரத்துக்கு வெளியே, காட்டோரத்திலும் பண்ணைகளிலும் இருக்கிறவர்கள் என்ன செய்வது? அவர்களுக்கு வந்த வழிதான் இந்தத் தீயணைப்பு மாவட்டம்.

இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. முதலில் தெரிந்திருந்தால் நான் செய்த காரியத்தைச் செய்திருக்க மாட்டேன்.

அங்கே வீட்டுவரியை ஆண்டுக்கு இரண்டு தவணையாக, ஏப்ரல் 30க்குள்ளும் அக்டோபர் 31க்குள்ளும் கவுண்டி கஜானாவில் கட்ட வேண்டும். அந்த வரிச்சீட்டில் பள்ளிக்கு இவ்வளவு, நூலகத்துக்கு இவ்வளவு, தீயணைப்பு மாவட்டத்துக்கு இவ்வளவு என்று வரிவரியாகப் பிரித்துப் போட்டிருக்கும். ஆனால் என்னைப்போல் கடனில் வீடு வாங்கினவர்கள் அந்தச் சீட்டைப் பார்ப்பதே இல்லை. மாதத் தவணையோடு சேர்த்து பாங்க்கே பிடித்துக் கட்டிவிடும். பத்து வருஷம் அந்தச் சீட்டை நான் பிரித்துக்கூடப் படிக்கவில்லை.

2010 நவம்பரில் தபாலில் ஓட்டுச்சீட்டு வந்தது. எங்கள் பக்கம் ஓட்டுச்சாவடிக்குப் போகும் வழக்கம் போய்விட்டது. வீட்டுக்கே சீட்டு வரும், நிரப்பித் தபாலில் போட வேண்டும். அதன் கடைசியில், தீயணைப்பு மாவட்டத்தின் வரி விகிதத்தை உயர்த்தச் சம்மதமா என்று ஒரு கேள்வி. என் வீட்டுக்குக் கணக்குப் பார்த்தால் ஆண்டுக்கு 120 டாலர், மாதம் 10 டாலர் கூடும். நான் குடியுரிமை வாங்கி இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. ஆபீஸில் தலைக்கு மேல் வேலை. நாளைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளி, தேதி முடிந்த பிறகு அந்தச் சீட்டை விளம்பரத் தாள்களோடு சேர்த்துக் குப்பையில் போட்டேன். தீர்மானம் கொஞ்ச ஓட்டு வித்தியாசத்தில் தோற்றது. அது தோற்றதுகூட எனக்குத் தெரியாது.

2011 மார்ச்சில் என் அப்பா எங்களோடு ஆறு மாதம் தங்க வந்திருந்தார். அப்போது வயது 71. ஒரு நாள் விடியற்காலை மூன்று மணிக்கு, நெஞ்சை அடைக்கிறது என்று எழுந்தவர் ஹாலில் அப்படியே சாய்ந்துவிட்டார். மூச்சு இல்லை. என் மனைவி 911ஐக் கூப்பிட்டு போனை என் பக்கத்தில் வைத்தாள். அந்தப் பக்கம் ஒரு பெண்மணி, பதற்றமே இல்லாத குரல். "இரண்டு கையையும் நெஞ்சின் நடுவில் வையுங்கள். அழுத்தமாக, வேகமாக அழுத்துங்கள். என்னோடு சேர்ந்து எண்ணுங்கள்." எண்ணினேன். இப்படிப் போனிலேயே சொல்லிக்கொடுக்கும் முறையை வளர்த்த முன்னோடி இடங்களில் எங்கள் கவுண்டியும் ஒன்று என்பது அப்போது எனக்குத் தெரியாது. அப்பாவின் நெஞ்சை அழுத்திக்கொண்டு, வாசலில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

தெருமுனையில் ஒரு தீயணைப்பு நிலையம் இருக்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் ஆபீஸ் போவேன். காரில் இரண்டு நிமிஷம். ஆனால் வண்டி வந்தது எட்டு நிமிஷம் கழித்து, எதிர்த்திசையிலிருந்து. வந்தவர்கள் தீயணைப்பு வீரர்கள். உள்ளே நுழைந்ததும் ஒருவர் என் இடத்தை எடுத்துக்கொண்டார், ஒருவர் மின்அதிர்ச்சிக் கருவியை வைத்தார், அடுத்து பாராமெடிக்குகள் வந்தார்கள். இரண்டாவது அதிர்ச்சியில் அப்பாவின் இதயம் மறுபடி துடித்தது.

அப்பா பிழைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரி பில் தனிக் கதை, அதை இன்று ஆரம்பித்தால் செயலாளர் மணி அடித்துவிடுவார். ஆனால் வீட்டுக்கு வந்து உயிரைக் காப்பாற்றிய அந்த வண்டிகளுக்கு ஒரு பைசா பில் வரவில்லை.

நாலு வாரம் கழித்து, நடமாடத் தொடங்கியதும் அப்பா, "அந்தப் பிள்ளைங்கள பாத்து ஒரு வார்த்தை சொல்லணும்" என்றார். என் மனைவி முறுக்கும் ரவா லாடும் செய்து கொடுத்தாள். ஸ்டேஷனுக்குப் போனோம். சட்டை பட்டனைக் கழற்றி ஒவ்வொருவருக்கும் தழும்பைக் காட்டினார் அப்பா. அவர்களும் சிரித்துக்கொண்டே முறுக்கைக் கடித்தார்கள். அப்புறம் என்னிடம், "இவங்களுக்கு யாரு சம்பளம் குடுக்கிறாங்கன்னு கேளு" என்றார். கேட்டேன். படையின் மூத்தவர் என்னைக் கைகாட்டி, "உங்கள் மகன்தான்" என்றார்.

அப்பாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. "நீயா? எவ்வளவுடா குடுக்கிற?" என்றார். எனக்குத் தெரியவில்லை. தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் இரண்டு தடவை பஞ்சாயத்து மெம்பராக இருந்தவர் அவர். தன் மகன் என்ன வரி கட்டுகிறான், எதற்குக் கட்டுகிறான் என்றே தெரியாமல் நிற்பதை அவரால் நம்பவே முடியவில்லை.

அன்று ராத்திரி வரிச்சீட்டைத் தேடி எடுத்தேன். மறுமாதம் கமிஷனர்கள் கூட்டத்துக்குப் போனேன். மாதா மாதம் நடக்கும், யார் வேண்டுமானாலும் போகலாம். முப்பது நாற்காலி போட்டிருந்தார்கள். பார்வையாளர்கள் என்னைச் சேர்த்து இரண்டு பேர். அங்கேதான் கணக்கு புரிந்தது. அதை உங்களுக்கும் சொல்கிறேன், தலை சுற்றாது.

எங்கள் மாநிலத்தில் தீயணைப்பு மாவட்டம் வீட்டின் மதிப்பில் 1,000 டாலருக்கு அதிகபட்சம் 1 டாலர் 50 சென்ட் வரை வரி போடலாம். 4 லட்சம் டாலர் வீட்டுக்கு ஆண்டுக்கு 600 டாலர். மருத்துவ உதவிக்கென்று 1,000 டாலருக்கு 50 சென்ட் வரை தனி வரி, அதையும் மக்கள் ஓட்டுப் போட்டு அனுமதிக்க வேண்டும். எங்கள் கிங் கவுண்டியில் 1979 முதல் அப்படி ஒரு வரி, வரையறுத்த காலத்துக்கு ஒருமுறை மக்களிடம் மறுபடி கேட்டுக் கேட்டு நடந்து வருகிறது.

'வீட்டு விலைதான் ஏறிக்கொண்டே போகிறதே, வரி தானாகப் பெருகுமே, மறுபடி எதற்கு உயர்வு?' என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. அங்கேதான் சூட்சுமம். பழைய கட்டடங்களிலிருந்து வசூலிக்கும் மொத்தத் தொகையை ஆண்டுக்கு 1 சதவீதத்துக்கு மேல் கூட்டக் கூடாது என்று 2001இல் மக்கள் வாக்கெடுப்பில் ஒரு விதி வந்தது. 2007இல் நீதிமன்றம் அதைத் தள்ளியபோது, அதே ஆண்டில் சட்டமன்றமே அதை மீண்டும் சட்டமாக்கியது. ஓர் உதாரணம் பாருங்கள். ஒரு மாவட்டத்தில் எல்லா வீடுகளின் மதிப்பும் சேர்ந்து 400 கோடி டாலர். 1.50 விகிதத்தில் வசூல் 60 லட்சம் டாலர். மறுவருஷம் மதிப்பு 480 கோடியாக ஏறினாலும் வசூல் 60 லட்சத்து 60 ஆயிரத்தைத் தாண்டக் கூடாது. ஆகவே விகிதம் 1.50லிருந்து சுமார் 1.26க்கு இறங்கிவிடும். புதுக் கட்டடங்களுக்கு மட்டும் தனியாக வரி கூட்டலாம். டீசல், மருந்து, சம்பளம், வண்டி எதுவும் 1 சதவீதத்தோடு நிற்பதில்லை. 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு புதுவீடு கட்டுவதும் ஓய்ந்துவிட்டது. அதனால் சில வருஷத்துக்கு ஒருமுறை கமிஷனர்கள் மக்கள் முன் வந்து, இறங்கிப்போன விகிதத்தைத் திரும்ப உயர்த்தலாமா என்று கேட்டாக வேண்டும். நான் குப்பையில் போட்டது அந்தக் கேள்வியைத்தான்.

தீர்மானம் தோற்றதும் 2011 ஜனவரியிலிருந்து எங்கள் தெருமுனை நிலையத்தில் இரவுப் பணி நிறுத்தப்பட்டது. அதுதான் வண்டி எதிர்த்திசையிலிருந்து வந்ததற்குக் காரணம். இதயம் நின்றவருக்கு உதவி கிடைக்காமல் போகும் ஒவ்வொரு நிமிஷத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது என்கிறார்கள் மருத்துவர்கள். எட்டு நிமிஷம். அந்த இரவு போனில் ஒரு குரல் எனக்கு எண்ணச் சொல்லித் தராமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்டேஷனில் முறுக்குத் தின்ற யாரும் இதை என்னிடம் சொல்லவில்லை. நானாகப் போய்த் தெரிந்துகொண்டேன்.

அப்பாவிடம் மறைக்காமல் சொன்னேன். கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நம்ம ஊருல தலைக்கட்டு வரி மாதிரிதான். குடுக்காதவன் வீட்டு வாசல்லயும் சாமி வந்து நிக்கும். அதுக்காகக் குடுக்காம இருக்கிறதா?" என்றார். நம் கிராமங்களில் கோவில் திருவிழாவுக்கும் ஊர்ப் பொதுக் காரியத்துக்கும் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வசூல் செய்வது உங்களுக்குத் தெரியும். அவர் ஒரே வார்த்தையில் சொன்ன விஷயம் எனக்குப் புரிய ஒரு வரிச்சீட்டும் ஒரு கூட்டமும் தேவைப்பட்டது. ஒரு வித்தியாசம் உண்டு. தலைக்கட்டு வரி எல்லார்க்கும் ஒரே அளவு. அங்கே வீட்டு மதிப்புக்குத் தக்கபடி.

கொடுக்காதவன் வாசலுக்கும் வண்டி வர வேண்டுமா? இது சும்மா கேட்கும் கேள்வி இல்லை. அமெரிக்காவில் எல்லா இடத்திலும் தீயணைப்பு மாவட்டம் கிடையாது. டென்னசி மாநிலத்தில் சவுத் ஃபுல்டன் என்ற சிறு நகரம். நகரத்துக்கு வெளியே இருந்தவர்கள் ஆண்டுக்கு 75 டாலர் சந்தா கட்டினால் நகரப் படை வரும் என்பது அப்போதைய ஏற்பாடு. 2010இல் சந்தா கட்டாத ஒருவர் வீடு தீப்பிடித்தது. வண்டி வந்தது, சந்தா கட்டியிருந்த பக்கத்துக்காரர் இடத்தைக் காப்பாற்ற. அந்த வீடு கண்ணெதிரே எரிந்து முடிந்தது. இப்போதே பணம் தருகிறேன் என்று வீட்டுக்காரர் கெஞ்சியும் பலனில்லை. சந்தா கட்டாதவர்களுக்கெல்லாம் அணைத்தால் யார் சந்தா கட்டுவார்கள் என்று அவர்கள் கேட்டதிலும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. சந்தா என்ற ஏற்பாட்டில் அந்த முடிவுதான் வரும். வரி என்ற ஏற்பாட்டில் வண்டியில் ஏறுகிறவர் முகவரியை மட்டும் பார்த்தால் போதும். என் அப்பா அந்த ஊர் வாக்காளர் இல்லை, வரி கட்டுகிறவர் இல்லை, ஆறு மாத விருந்தாளி. அவர் மகனோ ஓட்டுச்சீட்டைக் குப்பையில் போட்டவன். யாரும் அதைக் கேட்கவில்லை.

2012 ஆகஸ்டில் மறுபடி தீர்மானம் வந்தது. பொதுப் பணத்தைச் செலவழித்து ஆதரவு திரட்ட மாவட்டத்துக்குச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. தகவல் மட்டும்தான் தரலாம். 'சரி' என்பவர்களும் 'வேண்டாம்' என்பவர்களும் தனித்தனியாக எழுதித் தரும் வாதங்கள் வாக்காளர் கையேட்டில் பக்கத்துப் பக்கத்தில் அச்சாகும். வீடு வீடாகப் போய்க் கேட்பது எங்களைப் போன்ற குடிமக்கள் வேலை. நான் மாலை நேரத்தில் நாற்பது வீடு ஏறி இறங்கினேன். எங்கள் தெருவிலேயே ஒரு பாட்டி, கணவரை இழந்தவர், "போன தடவை வேண்டாம் என்றுதான் போட்டேன். என் பென்ஷன் உயரவில்லை, வரி மட்டும் ஏன் உயர வேண்டும்?" என்று கேட்டார். அவர் சொன்னதும் உண்மை. வருமானம் குறைந்த முதியவர்களுக்கு வீட்டுவரிச் சலுகை உண்டு, அது அவருக்குத் தெரியவில்லை. மனுவை நிரப்ப உதவினேன். அவர் கடைசியில் எப்படி ஓட்டுப் போட்டார் என்று நான் கேட்கவில்லை. தீர்மானம் ஜெயித்தது. 2013இல் தெருமுனை நிலையத்தில் ராத்திரி விளக்கு மறுபடி எரிந்தது.

எல்லாம் பொன் விளையும் பூமி என்று சொல்லவில்லை. வீட்டு மதிப்பை வைத்து வரி என்றால், பணக்காரப் பகுதிக்கு நல்ல வண்டி, மலையடிவாரக் கிராமத்துக்குப் பழைய வண்டி என்று ஆகிவிடுகிறது. மதிப்பே இல்லாத இடத்தில் 1.50 போட்டாலும் என்ன கிடைக்கும்? ஒரு புது ஃபயர் என்ஜின் இன்று பத்து லட்சம் டாலர் அளவுக்கு வந்துவிட்டது. அத்தகைய ஊர்களில் தன்னார்வலர்கள்தான் தாங்குகிறார்கள். 2020 கணக்குப்படி அமெரிக்காவில் 10 லட்சத்துக்கு மேற்பட்ட தீயணைப்பு வீரர்களில் 65 சதவீதம் பேர் தன்னார்வலர்கள். பகலில் மரம் அறுப்பவர், பால்பண்ணைக்காரர், வாத்தியார். பேஜர் ஒலித்தால் ஓடுவார்கள். 2014 மார்ச் 22ஆம் தேதி எங்களுக்கு வடக்கே ஓசோ என்ற இடத்தில் மலைச்சரிவு ஒரு குடியிருப்பையே மூடி 43 பேர் இறந்தபோது, சேற்றில் முதலில் இறங்கியவர்களில் அந்த ஊர்த் தன்னார்வத் தீயணைப்பு வீரர்களும் உண்டு. அவர்கள் தேடியது அண்டை வீட்டாரை.

வேலையும் மாறிவிட்டது. அதே 2020இல் நாடு முழுவதும் தீயணைப்புப் படைகளுக்கு வந்த அழைப்புகளில் தீ என்பது 100க்கு சுமார் 4தான். பெரும்பகுதி மருத்துவ உதவி. கீழே விழுந்த பாட்டி, மூச்சுத் திணறும் குழந்தை, சாலை விபத்து. பள்ளிக்குப் போய்ப் பாடம் நடத்துவது, புகை எச்சரிக்கைக் கருவி மாட்டித் தருவது, முதலுதவி கற்றுக்கொடுப்பது எல்லாமே அவர்கள் வேலை. சியாட்டிலில் 1970இல் தீயணைப்பு வீரர்களை வைத்தே 'மெடிக் ஒன்' என்ற நடமாடும் இதய சிகிச்சையைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே பொதுமக்களுக்கு நெஞ்சழுத்தப் பயிற்சி தர ஆரம்பித்துவிட்டார்கள். எத்தனை வண்டி வாங்கினாலும் முதல் சில நிமிஷம் பக்கத்தில் இருக்கிறவர் கையில்தான் என்பது அவர்களுக்கு அப்போதே தெரிந்திருந்தது.

தம்பி தங்கைகளே, அமெரிக்காவைப் பார்த்துக் காப்பியடியுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. நம் மாநிலத்தில் தீயணைப்பு அரசின் துறை. ஏழை ஊர், பணக்கார ஊர் என்று வீட்டு விலையைப் பார்த்து அது பிரிவதில்லை. அதில் ஒரு நல்லது இருக்கிறது. ஆனால் விடுதி மெஸ்ஸில் அந்த நண்பன் கேட்டானே, 'இதையெல்லாம் யார்டா முடிவு பண்றது' என்று, அந்தக் கேள்வியை நாம் தட்டோடு கழுவிவிடக் கூடாது. தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது. எங்கள் கமிஷனர் கூட்டத்தில் முப்பது நாற்காலிக்கு இரண்டு பேர் என்றேன். உங்கள் ஊர் கிராம சபையில் எத்தனை நாற்காலி காலி என்று ஒருமுறை போய் எண்ணிப் பாருங்கள். உட்கார்ந்து, கணக்கைக் கேளுங்கள். புரியாவிட்டால் மறுபடி கேளுங்கள். எனக்கும் முதல் கூட்டத்தில் பாதி புரியவில்லை.

இரண்டாவது, ஒரு வேண்டுகோள். எங்கள் வகுப்பு நண்பர்கள் சேர்ந்து ஒரு சிறு தொகை சேர்த்திருக்கிறோம். ஒவ்வோர் ஆண்டும் விடுதி மாணவர்கள் எல்லாருக்கும் நெஞ்சழுத்தமும் முதலுதவியும் தீத்தடுப்பும் கற்றுத்தர முதல்வர் அனுமதி தரவேண்டும். தொகை போதாவிட்டால் தலைக்கட்டு வரி போட நான் பொறுப்பு. முன்வரிசையில் இருப்பவர்கள் யாரும் எழுந்து போகவேண்டாம்.

அப்பா அதற்குப் பிறகு எட்டு வருஷம் இருந்தார். இரண்டு பேத்திகளுக்குக் காது குத்துவதைப் பார்த்தார். 2019இல் எங்கள் கிராமத்தில், சொந்தக் கட்டிலில், தூக்கத்தில் போய்ச் சேர்ந்தார். கடைசிவரை அந்த வருஷத் திருவிழாவுக்குத் தன் தலைக்கட்டுப் பாக்கி இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். நோட்டில் பார்த்தேன். இல்லைதான்.

இப்போது வரிச்சீட்டு வந்தால் முதல் வேலையாகப் பிரித்துப் படிக்கிறேன். ஓட்டுச்சீட்டு வந்தால் அன்றே நிரப்பிவிடுகிறேன்.

பத்து நிமிஷம் கேட்டு இருபது நிமிஷம் எடுத்துக்கொண்டேன். பொறுத்தருளுங்கள்.